கத்திமுனைச் சோதனை: தொலைநோக்கி ஆடியை வீட்டிலேயே சரிபார்க்க

பாரிஸ் வான் ஆய்வகத்தில் 1858 வாக்கில் லியோன் ஃபூக்கோ உருவாக்கிய முறை இது. ஒரு பிளேடும் ஒரு சிறு விளக்கும் போதும். தேய்த்த ஆடியின் மேடுபள்ளம் நிழலாகத் தெரிந்துவிடும்.

ஆடி 150 மி.மீ. அகலம், குவியத் தூரம் (தொலைவிலிருந்து வரும் ஒளி குவியும் இடம்வரை உள்ள தூரம்) 1200 மி.மீ. என்றால், வளைவு ஆரம் அதன் இரு மடங்கு, 2400 மி.மீ. அந்தத் தூரத்தில் எல்இடி விளக்கு, அதன் முன் அலுமினியத் தாளில் ஊசித்துளை. ஒளி திரும்பிக் குவிவது துளைக்குப் பக்கத்தில், பிளேடு அங்கே. பிளேடுக்குப் பின்னால் கண்ணை வைத்து, பிளேடை ஒளிக்குக் குறுக்கே மெல்ல நகர்த்துங்கள். பிளேடு வரும் பக்கமிருந்தே நிழல் வந்தால் பிளேடு ஆடிக்கு அருகில் இருக்கிறது, பின்னே இழுங்கள். எதிர்ப்பக்கமிருந்து வந்தால் முன்னே தள்ளுங்கள். முழு ஆடியும் ஒரே சீராகச் சாம்பல் நிறமானால் அது கோள ஆடி.

நமக்கு வேண்டியது பரவளையம், அதாவது நட்சத்திர ஒளியை ஒரே புள்ளியில் குவிக்கும் வடிவம். விளக்கு அசையாமல் இருக்க, நடுப்பகுதிக்கும் விளிம்புக்கும் பிளேடு முன்பின்னாக நகர வேண்டிய தூரம் 75×75÷2400 (75 என்பது ஆடியின் பாதி அகலம்), சுமார் 2.3 மி.மீ. விளிம்பின் குவியம்தான் ஆடியிலிருந்து தள்ளியிருக்கும்.

பெரும்பாலும் ஏமாற்றுவது சூடு. ஆடியில் விரலைப் பத்து விநாடி வைத்துவிட்டுப் பாருங்கள்; அந்த இடம் குன்றுபோல் புடைத்து நிற்கும். மெருகேற்றியதும் சோதிக்காதீர்கள், ஒரு மணி நேரமாவது ஆறட்டும். திருநெல்வேலி வெயிலில் மொட்டை மாடி அறை இரவிலும் அனலடிக்கும். கீழ்த்தளத்தில், மின்விசிறியை நிறுத்தி, விடியுமுன் பாருங்கள். கட்டிலோ மேசையோ ஆடும், சிமெண்ட் தரையே நல்லது.