ஆற்றில் மீன் செத்து மிதந்தால் காரணத்தைக் கண்டுபிடிப்பது எப்படி?

தாமிரபரணியிலோ கால்வாயிலோ குளத்திலோ மீன் செத்து ஒதுங்கினால் உடனே ஊர் இரண்டு கட்சியாகிவிடும். "எவனோ மருந்தக் கலந்துட்டான்" என்பது ஒரு கட்சி. "வெயிலுக்குச் செத்திருக்கும்" என்பது இன்னொன்று. இரண்டு பேரும் பேசிக்கொண்டிருக்கும்போதே குழி வெட்டி, பிளீச்சிங் பவுடர் போட்டு மூடிவிடுவார்கள். தண்ணீரும் ஓடிவிடும். அதன்பிறகு யார் வந்து பார்த்தும் பயனில்லை.

நெல்லை கால்வாய்ப் பாசனத்தில் இருக்கும் எங்கள் பக்கத்துக் குளத்தில் கெண்டை மொத்தமாகச் செத்தபோது, நாங்கள் சிலர் சேர்ந்து தேடிக் காரணத்தை உறுதி செய்தோம். அந்த வழியைத்தான் எழுதுகிறேன். ஆற்றுக்கும் இதே முறைதான்.

படி 1: எது செத்தது, எது சாகவில்லை

மீனை அள்ளுவதற்கு முன்னால் போனில் படம் எடுங்கள். நேரமும் இடமும் படத்திலேயே பதியட்டும். கையுறை கட்டாயம்.

செத்த மீனைவிடச் சாகாத மீன்தான் அதிகம் சொல்லும். விரால், குறவை, தேளி, பனையேறிக் கெண்டை இவையெல்லாம் மேலே வந்து காற்றையே சுவாசிக்கும். கட்லாவும் ரோகுவும் செத்துக்கிடக்க இவை மட்டும் தப்பியிருந்தால், முதல் சந்தேகம் ஆக்சிஜன் குறைவு. ஆக்சிஜன் குறைந்தால் பொதுவாகப் பெரிய மீன் முதலில் போகும். நஞ்சு என்றால் குஞ்சுகள் முதலில் போகும். கரையோரம் இறால், நண்டு, நீர்ப்பூச்சி கிடக்கிறதா என்றும் பாருங்கள். சில பூச்சிமருந்துகள் மீனைத் தொடுவதற்கு முன்பே இறாலையும் நண்டையும் கொன்றுவிடும். ஒரே வகை மீன், உடம்பில் புண்ணோடு, பல நாளாகக் கொஞ்சம் கொஞ்சமாகச் செத்தால் அது நோயாக இருக்கலாம். மார்கழி, தைக் குளிரில் விராலுக்குப் புண் நோய் வருவது தெரிந்த விஷயம்.

இப்போதுதான் செத்த மீன், அல்லது உயிர் ஊசலாடும் மீன் ஒன்றை எடுத்துச் செவுள் மூடியைத் தூக்குங்கள். செவுளும் ரத்தமும் காப்பிப்பொடி நிறத்தில் இருந்தால் நைட்ரைட் நஞ்சு. வாயும் செவுள் மூடியும் அகலத் திறந்தபடி செத்திருந்தால் மூச்சுத் திணறல். பக்கத் துடுப்பு இரண்டும் முன்பக்கமாக விறைத்து நின்றால் நரம்பைத் தாக்கும் பூச்சிமருந்தை நினைக்க வேண்டும். வயிற்றைக் கீறினால் காற்றுப்பை கிழிந்து உள்ளே ரத்தம் கட்டியிருக்கிறதா? யாரோ வெடி போட்டிருக்கிறார்கள். அழுகிய மீனில் இதெல்லாம் பார்க்காதீர்கள், எல்லாச் செவுளும் வெளுத்துத்தான் இருக்கும்.

படி 2: எங்கே செத்தது

செத்த மீன் பெரும்பாலும் முதலில் அடியில் போகும். வயிறு உப்பிய பிறகுதான் மேலே வரும். அதற்குள் ஆறு அதை இழுத்து வந்துவிடும். கோடைமேலழகியான் தொடங்கி ஸ்ரீவைகுண்டம் வரை தாமிரபரணியில் எட்டு அணைக்கட்டுகள் இருக்கின்றன. மருதூர் அணைக்கட்டில் மீன் குவிந்து கிடந்தால், மருதூரில் செத்தது என்று அர்த்தமில்லை. கரையோடு மேலே நடங்கள். செத்த மீன் எங்கே முடிகிறதோ அதற்கும் மேலே, நல்ல தண்ணீர் ஓடும் இடத்தில், ஒரு பாட்டில் மாதிரி எடுங்கள். இந்த ஒப்பீட்டு மாதிரி இல்லாமல் ஆய்வக முடிவு வெறும் எண். வழியில் சேரும் ஓடை, சாக்கடை, வயல் வடிகால் ஒவ்வொன்றையும் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

படி 3: ஆக்சிஜனை விடியுமுன் அளக்க வேண்டும்

பெரும்பாலானவர்கள் சறுக்குவது இங்கேதான், அதனால் விரிவாக.

காலை பத்து மணிக்குத் தகவல் வரும், பதினொன்றுக்கு அளப்பார்கள், லிட்டருக்கு 6 மி.கி. என்று காட்டும். "ஆக்சிஜன் நல்லாத்தான் இருக்கு, அப்போ விஷம்தான்" என்று முடிவு கட்டிவிடுவார்கள். பாசியும் தண்ணீருக்குள் இருக்கும் செடியும் பகலில் ஆக்சிஜனைத் தண்ணீரில் விடும். இரவில் அவையே அதை இழுக்கும். சாக்கடைக் கழிவைத் தின்னும் பாக்டீரியா இரவும் பகலும் இழுத்துக்கொண்டே இருக்கும். ஆக மிகக் குறைந்த அளவு, சூரியன் வருவதற்குச் சற்று முன்பு. 30 டிகிரித் தண்ணீர் காற்றிலிருந்து எடுத்து வைத்துக்கொள்வதே ஏழரை மி.கி. அளவுதான். மீன் வளர்ச்சிக்கு மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் வைத்திருக்கும் வரம்பு 4 மி.கி.க்குக் குறையக்கூடாது என்பது. பகலில் 6 காட்டிய அதே தண்ணீர் விடியற்காலையில் 1-க்கும் கீழே போயிருக்கலாம்.

எங்கள் குளத்தில் வலை போடும் அண்ணாச்சி சொன்னதும் இதுதான்: "மூணு மணிக்கே மீனு வாயத் தொறந்துக்கிட்டு மேல வந்துட்டுல்லா, கையாலயே அள்ளலாம்." அதனால் மறுநாள் விடியுமுன் போய் அளந்தோம். விடை கிடைத்துவிட்டது. கோடைக்குப் பின் வந்த முதல் மழை, வாய்க்காலில் தேங்கிக் கிடந்த கழிவை மொத்தமாகக் குளத்துக்குள் தள்ளியிருந்தது.

கருவி விஷயத்தில் என் கருத்து உறுதியானது: விலை குறைந்த பேனா மீட்டரை நம்பாதீர்கள். டி.டி.எஸ். மீட்டர் உப்பைக் காட்டுமே தவிர ஆக்சிஜனைக் காட்டாது. எனக்குப் பிடித்தது, மருந்து கலந்து ஆக்சிஜனைப் பார்க்கும் பழைய விங்க்லர் முறை. 300 மி.லி. கண்ணாடிப் பாட்டிலைத் தண்ணீருக்குள்ளேயே சாய்த்து, குமிழி இல்லாமல் நிரப்பி, உள்ளேயே மூடுங்கள். கரைக்கு வந்து மாங்கனீஸ் சல்பேட் 2 மி.லி., கார அயோடைடு 2 மி.லி. இரண்டையும் பிப்பெட் நுனி தண்ணீருக்குள் முங்கியிருக்கும்படி விட்டு, மூடிக் கவிழ்த்துக் கவிழ்த்துக் கலக்குங்கள். பழுப்பாகத் திரண்டால் ஆக்சிஜன் இருக்கிறது. வெள்ளையாகவே நின்றால் சுத்தமாக இல்லை. அந்த வெள்ளையை ஆற்றங்கரையில் பார்த்தாலே வயிற்றைக் கலக்கும். ஒரு சிறு குமிழி மாட்டிக்கொண்டாலும் அளவு கூடிவிடும், அந்தப் பாட்டிலைக் கொட்டிவிட்டு மறுபடி எடுங்கள். அமிலம் ஊற்றி எண் கணக்கிடும் வேலையை ஏதாவது கல்லூரி வேதியியல் ஆய்வகத்தில், இருட்டில் வைத்த பாட்டிலைக் கொடுத்து, அன்றே முடித்துக்கொள்ளுங்கள். அடர் கந்தக அமிலம் வீட்டில் வேண்டாம்.

படி 4: மற்ற மாதிரிகள்

பூச்சிமருந்துக்குப் பழுப்புக் கண்ணாடிப் பாட்டில், உலோகத்துக்கு பிளாஸ்டிக். விளிம்புவரை நிரப்பி, பென்சிலால் சீட்டு எழுதி, ஐஸ் பெட்டியில் வையுங்கள்.

படி 5: விசாரிப்பு

ஆடு மேய்ப்பவர், துணி துவைப்பவர், வலைக்காரர் மூவரிடமும் தனித்தனியாகக் கேளுங்கள். பிசான நெல் பருவத்தில் மருந்து அடித்த வயல் எது, முந்தின நாள் மழை உண்டா என்று குறித்துக்கொள்ளுங்கள். நாளிதழில் வரும் பாபநாசம், மணிமுத்தாறு அணைகளின் நீர்மட்டத்தையும் எடுத்து வையுங்கள். திறப்பு திடீரென்று கூடினதும் குறைந்ததும் அதில் தெரியும்.

படி 6: தகவல்

மாசுக் கட்டுப்பாட்டு வாரியம், மீன்வளத் துறை இரண்டுக்கும் முதல் மணி நேரத்திலேயே சொல்லுங்கள். 1974-ஆம் ஆண்டு நீர் மாசுத் தடுப்புச் சட்டத்தின் 21-ஆம் பிரிவுப்படி, உரிய முறையில் வாரிய அதிகாரி எடுக்கும் மாதிரிதான் வழக்கில் சான்றாக நிற்கும். நீங்கள் எடுத்தது அவர்களை எந்த இடத்தில் எடுக்கச் சொல்ல வேண்டும் என்று காட்டத்தான்.

பின்சேர்க்கை

படித்தவர்கள் கேட்ட இரண்டு கேள்விகள். பச்சைப் பசேலென்ற குளத்தில் மீன் பிற்பகலில் செத்ததே என்று ஒருவர் கேட்டார். அங்கே அம்மோனியாவையும் பி.எச். (அமில-காரத்தன்மை) அளவையும் சேர்த்துப் பாருங்கள். 30 டிகிரியில் பி.எச். 7 என்றால் அம்மோனியாவில் நஞ்சாகும் பங்கு நூற்றில் ஒன்றுகூட இருக்காது. 9 என்றால் பாதியை நெருங்கிவிடும். பாசி மண்டிய தண்ணீரில் பி.எச். ஏறுவது பிற்பகலில்தான்.

இன்னொருவர் மீனை வீட்டு பிரீசரில் வைத்துக் கொண்டுபோய், நோய் பார்க்க முடியாது என்று திருப்பி அனுப்பப்பட்டார். உறைந்தால் திசு கிழிந்துவிடும். நோய்க்கு உயிருள்ள மீனையோ, ஐஸில் வைத்த புது மீனையோ அன்றே கொடுக்க வேண்டும். நஞ்சு பார்க்க மட்டும் அலுமினியத் தாளில் சுற்றி உறைய வையுங்கள். எந்தச் சோதனை என்று தெரியாவிட்டால் இருக்கும் மீன்களை இரண்டு பங்காகப் பிரித்து இரண்டையும் செய்துவிடுங்கள். தூத்துக்குடி மீன்வளக் கல்லூரிக்குக் கொண்டுபோவதாக இருந்தால், கிளம்புமுன் போனில் கேட்டு அவர்கள் சொல்கிறபடி கட்டுங்கள்.