12 அங்குலம் பெரிதா, 30 சென்டிமீட்டர் பெரிதா?

இரண்டாம் வகுப்புப் பிள்ளையிடம் இதைக் கேட்டால், பெரும்பாலும் "30தான் பெரிது" என்று யோசிக்காமல் பதில் வரும். ஓரடி ஸ்கேலை எடுத்துப் பாருங்கள். 12 அங்குலக் கோடு 30 சென்டிமீட்டர் கோட்டைத் தாண்டி ஏறக்குறைய அரை சென்டிமீட்டர் தள்ளி நிற்கும். பிள்ளை எண்ணைப் பார்த்தது, அலகைப் பார்க்கவில்லை. அப்படிப் பழக்கியவர்கள் நாம்தான். பெரிய எண்ணுக்கு வட்டமிடச் சொல்லும் பயிற்சித் தாள்களை வாரக்கணக்கில் கொடுத்துவிட்டு, அலகு மாறியதும் தடுமாறுகிறதே என்று பிள்ளையைக் கடிந்துகொள்வதில் நியாயம் இல்லை.

எடுத்த எடுப்பில் ஸ்கேலைக் கையில் கொடுப்பது ஒரு தவறு. முதலில் இரண்டு ஈர்க்குச்சிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, அடி முனைகளைச் சமன் செய்து, எது நீளம் என்று கண்ணால் பார்க்க வேண்டும். பக்கத்தில் கொண்டுவர முடியாத இரண்டு பொருள்கள் வரும்போதுதான் அளவு என்ற ஒன்று தேவைப்படுகிறது. கதவையும் ஜன்னலையும் எப்படிப் பக்கத்தில் வைப்பது? அந்த இடத்தில் சாணும் முழமும் தாமாகவே வந்துவிடும்.

சாண் வந்ததும் அடுத்த தவறும் வந்துவிடுகிறது. பெஞ்சு ஆசிரியர் கைக்கு 6 சாண் வருகிறது, பிள்ளை கைக்கு எட்டரை வருகிறது. "நீ சரியாக அளக்கவில்லை, ஆறுதான்" என்று சொல்லிக் கரும்பலகையில் 6 என்று எழுதி முடித்துவிடுகிறோம். பாடமே அந்த எட்டரையில்தான் இருக்கிறது. சின்னக் கை அதிக முறை போக வேண்டும், பெரிய கை குறைந்த முறை போனால் போதும், பெஞ்சு மட்டும் மாறவில்லை. இதைப் பிள்ளை தன் வாயால் சொல்லும்வரை அடுத்த பாடத்துக்குப் போகக் கூடாது.

தஞ்சாவூர்ப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு இது ஒன்றும் புதிதல்ல. கதம்பம் வாங்கும்போது பூக்காரம்மாவின் கை நீளமா குட்டையா என்று அம்மா நோட்டம் விடுவதை அவர்கள் பார்த்தே வளர்கிறார்கள். கொஞ்சம் பெரிய பிள்ளைகளுக்குச் சோழர் காலத்து நில அளவையைச் சொல்லலாம். கல்வெட்டுகளில் 12 சாண் கோலும் வருகிறது, 16 சாண் கோலும் வருகிறது. 48 சாண் நீள வரப்பு ஒன்று இருந்தால் முதல் கோலுக்கு 4, இரண்டாவதற்கு 3. கோல் நீண்டால் எண் குறையும் என்பதை இரண்டு கயிற்றுத் துண்டுகளை வைத்துக்கொண்டு பள்ளி முற்றத்திலேயே காட்டிவிடலாம்.

நேர் எதிரான இன்னொன்றையும் காட்டாமல் விடக் கூடாது. எண்சாண் உடம்புக்குச் சிரசே பிரதானம் என்பார்கள். சுவரோரமாக நிற்கவைத்து, உயரத்துக்குச் சுவரில் ஒரு கோடு போட்டு, தரையிலிருந்து அந்தக் கோடுவரை பிள்ளை தன் சாணால் அளக்கட்டும். ஆசிரியரும் தன் உயரத்தைத் தன் சாணால் அளக்கட்டும். இருவருக்கும் ஏறக்குறைய எட்டுதான் வரும். "அப்படியானால் நாம் இரண்டு பேரும் ஒரே உயரமா?" என்று கேட்டால் வகுப்பு சிரிக்கும். அந்தச் சிரிப்பில் புரிவது பத்துப் பயிற்சித் தாளில் புரியாது.

அளக்கும் கையைக் கிட்டே போய்ப் பார்க்காமல் விடையை மட்டும் திருத்துவதும் தவறுதான். கோரைப்பாயை அளக்கும் பிள்ளையைக் கவனியுங்கள். கட்டைவிரலை ஊன்றிச் சுண்டுவிரலை நீட்டுகிறது. கையை எடுத்து மறுபடி வைக்கும்போது கட்டைவிரல் சுண்டுவிரல் இருந்த இடத்தில் விழுவதில்லை. நடுவில் இரண்டு விரல் இடைவெளி விழும், அல்லது பாதிச் சாண் ஏறி உட்கார்ந்துவிடும். சுண்டுவிரல் முடிந்த இடத்தில் ஒரு சாக்குக்கட்டிக் கோடு போடச் சொன்னால் போதும். பொருளை அலகாக வைப்பதானால் தீக்குச்சி நல்லது. ஒரு பெட்டிக்குள் எல்லாம் ஏறக்குறைய ஒரே நீளம். புளியங்கொட்டை வேண்டாம், ஒன்றைப்போல் இன்னொன்று இருக்காது.

ஸ்கேலுக்கு வந்தபின், 1-லிருந்து அளக்கத் தொடங்குவதும் அங்குலப் பக்கத்தைச் சென்டிமீட்டர் என்று படிப்பதும் சாதாரணம். பென்சில் துண்டை 3-லிருந்து 9 வரை வைத்து நீளம் கேளுங்கள். 9 என்றால் நுனியை மட்டும் படிக்கிறது. 7 என்றால் கோடுகளை எண்ணுகிறது. 6 என்றால்தான் இடைவெளிகளை எண்ணத் தெரிந்திருக்கிறது.

வீட்டில் காதில் விழும் மா, குழி, வேலி எல்லாம் பரப்பளவு. நீளப் பாடத்தில் அவற்றை இழுக்க வேண்டாம்.

கடைசியாக, ஓர் அங்குலத்துக்கு 2.54 சென்டிமீட்டர் என்ற எண்ணை மனப்பாடம் செய்யவைக்கும் அவசரம். பெருக்கல் கைவராத வயதில் அலகு மாற்றம் வெறும் மந்திரம். நான்காம், ஐந்தாம் வகுப்புக்கு வந்ததும் ஒப்பிடக் கணக்கு நம் ஊர்ச் செய்தியிலேயே இருக்கிறது: மேட்டூர் நீர்மட்டத்தை அடியில் சொல்கிறார்கள், மழையைச் சென்டிமீட்டரில் சொல்கிறார்கள். அணையின் முழுக் கொள்ளளவுக்கான மட்டம் 120 அடி. அதை மீட்டரில் சொன்னால் 100-க்கு மேலா, கீழா? எண் கூடுமா, குறையுமா என்று முதலில் ஊகிக்கட்டும். 36 மீட்டரும் சொச்சமும் என்று கணக்குப் போடுவது அதற்குப் பிறகு.