பிளெண்டரில் அளவைக் கையால் தட்டாமல் பைத்தானிடம் விடுவது

பிளெண்டர் என்ற முப்பரிமாண வடிவமைப்பு மென்பொருளில் நீளம் 900, அகலம் 300, தடிமன் 18 மில்லிமீட்டரில் ஒரு பலகை வேண்டும். அளவைப் பைத்தான் என்ற நிரல் மொழியில் கொடுப்போம். ஆப்ஜெக்ட் மோடில் புதுக் கியூப் ஒன்றைச் சேர்த்துத் தேர்ந்தெடுங்கள். ஸ்கிரிப்டிங் டேபில் ‘நியூ’ அழுத்தி இதை எழுதுங்கள்:

இம்போர்ட் பிபிஒய்
மிமீ = 0.001
பலகை = பிபிஒய்.கான்டெக்ஸ்ட்.ஆப்ஜெக்ட்
பலகை.டைமென்ஷன்ஸ் = (900*மிமீ, 300*மிமீ, 18*மிமீ)
பிபிஒய்.ஆப்ஸ்.ஆப்ஜெக்ட்.டிரான்ஸ்ஃபார்ம்_அப்ளை(லொகேஷன்=ஃபால்ஸ், ரொட்டேஷன்=ஃபால்ஸ், ஸ்கேல்=ட்ரூ)

இங்கே தமிழ் ஒலிப்பில் இருக்கும் ஆங்கிலச் சொற்களை எடிட்டரில் ஆங்கிலச் சிறிய எழுத்தில் தட்டுங்கள். ஃபால்ஸ், ட்ரூ இரண்டுக்கு மட்டும் முதலெழுத்து பெரியது. பிபிஒய் என்பது பிளெண்டரின் முதல் எழுத்தும் பைத்தானின் முதல் இரண்டும். பலகை, மிமீ நாம் வைத்த பெயர்கள்; தமிழிலேயே இருந்தாலும் பைத்தான் 3 ஏற்கும். ஆல்ட்+பி அழுத்தினால் ஓடும்.

முதல் சறுக்கல் அலகில்தான். திரையில் மில்லிமீட்டர் என்று மாற்றியிருந்தாலும், யூனிட் ஸ்கேல் 1 ஆக இருக்கும்வரை ஸ்கிரிப்டுக்கு எண் என்றால் மீட்டர். வெறும் 18 கொடுத்தால் 18 மீட்டர் தடிமனில் பலகை நிற்கும். அதற்குத்தான் அந்த மிமீ வரி.

கடைசி வரியைப் பலர் விட்டுவிடுகிறார்கள். டைமென்ஷன்ஸை மாற்றினால் மெஷ் (பொருளின் வடிவ வலை) மாறாது, ஸ்கேல் (அதைப் பெருக்கும் விகிதம்) தான் மாறும். புதுக் கியூப் ஒவ்வொரு பக்கமும் 2 மீட்டர். அதனால் ‘என்’ விசையில் திறக்கும் பக்கப் பேனலில் ஸ்கேல் 0.45, 0.15, 0.009 என்று காட்டும். அப்படியே பெவல் (ஓரத்தைச் சரிப்பது) போட்டால் ஓரம் ஒரு பக்கம் அகன்றும் இன்னொரு பக்கம் நசுங்கியும் வரும். அப்ளை செய்தால் மூன்றும் 1 ஆகிவிடும். ஒரே மெஷ்ஷை இரண்டு பொருள்கள் பகிர்ந்திருந்தால் இந்த வரி பிழை காட்டும். முதலில் மெஷ்ஷைத் தனியாகப் பிரித்துவிடுங்கள்.

எக்ஸ், ஒய், இசட் மூன்றையும் தனித்தனி வரியில் அடுத்தடுத்து மாற்றாதீர்கள். பிளெண்டர் அளவைப் புதுப்பிப்பதற்குள் அடுத்த வரி பழைய கணக்கை எடுத்துக்கொள்ளும், முந்தைய மாற்றம் காணாமல் போகும். தடிமன் மட்டும் மாற வேண்டுமென்றாலும் மூன்று எண்ணையும் ஒரே அடைப்புக்குள் கொடுப்பதே நல்லது. மாற்றிய கையோடு அளவைப் படிக்க வேண்டுமா? நடுவில் பிபிஒய்.கான்டெக்ஸ்ட்.வியூ_லேயர்.அப்டேட்() ஒரு வரி போடுங்கள்.

திருப்பி வைத்த பலகையில் இசட் என்பது பொருளின் சொந்த இசட். தரையிலிருந்து மேலே போகும் உயரம் அல்ல. பிளேனுக்கு (வெறும் தட்டைத் தளத்துக்கு) இசட் அளவு சுழி என்பதால் எவ்வளவு கொடுத்தாலும் தடிமன் வராது.