செமி ஹாலோ கிதாருக்கு எந்தக் கம்பி?

கடைக்காரர் எடுத்துத் தரும் 9-42 செட்டையே (மெல்லிய கம்பி 0.009 அங்குலம், தடித்தது 0.042) செமி ஹாலோவிலும், அதாவது உடல் பாதி உள்ளீடற்ற எலக்ட்ரிக் கிதாரிலும், மாட்டிவிடுகிறோம். அப்புறம் கம்பி தொளதொளவென்று இருக்கிறதே என்று புலம்புகிறோம். காரணம் ஸ்கேல் நீளம், அதாவது கம்பி அதிரும் நீளம். கிப்சன் இஎஸ்-335 வகை செமி ஹாலோவில் அது 24.75 அங்குலம், ஃபெண்டர் ஸ்ட்ராட்டோகாஸ்டர் கிதாரில் 25.5. அதே கம்பியை அதே சுருதிக்கு ஏற்றினாலும் இழுவிசை சுமார் 6 சதவீதம் குறையும்.

அதனால் 10-46-இல் தொடங்குங்கள். ஜாஸ் கார்டுகள்தான் அதிகம் என்றால் 11-49 போடலாம். ஒலி கனமாக வரும், ஆனால் பெண்ட் செய்ய (கம்பியைத் தள்ளிச் சுருதி ஏற்ற) விரல் கெஞ்சும்! தடிமனை மாற்றினால் ட்ரஸ் ராடு (கழுத்தின் வளைவைச் சரிசெய்யும் உள்கம்பி), இன்டொனேஷன் (எல்லாக் கட்டங்களிலும் சுருதி சரியாக இருப்பது) இரண்டையும் சரிபார்க்க வேண்டும். சுருதி கூட்டும்போது ‘டிங்’ என்று சத்தம் வந்தால் நட்டின் (கழுத்தின் தலைப்பக்கம் கம்பிகளைத் தாங்கும் பட்டையின்) பள்ளத்தின் அகலம் கம்பிக்குப் போதவில்லை.

மதுரை வெயிலில் கைவியர்வை பட்டே கம்பி துருப்பிடிக்கும். வாசித்ததும் துடைத்துவிடுங்கள், பழைய சுங்குடிச் சேலைத் துண்டு போதும்.