பத்து இலட்சம் எதற்கு, தங்கச்சி?

கொழும்பு கொட்டாஞ்சேனையில் ஒரு மாடி அறையில் நடக்கும் எங்கள் இலவச மாலை வகுப்புக்கு முதல் ஆண்டு நாங்கள் போட்ட இலக்கு பத்து இலட்சம் ரூபாய். சொல்வதற்கு எடுப்பாக இருந்தது, அவ்வளவுதான். செட்டியார் தெருவில் ஒரு நகைக்கடை முதலாளி கல்லாவில் இருந்தபடியே, “பத்து இலட்சம் எதற்கு, தங்கச்சி?” என்று கேட்டார். முப்பது வருடம் பேரேடு எழுதிய எனக்குப் பதில் வரவில்லை. ஐயாயிரம் தந்து அனுப்பிவிட்டார். அந்த ஆண்டு மூன்று இலட்சம்கூடச் சேரவில்லை.

ஆகவே, நிதி திரட்டப் புறப்படுகிறவர்கள் தொகையை முதலில் எழுத வேண்டாம். ஒரு பிள்ளைக்கு ஓராண்டில் என்ன செலவு என்று எழுதுங்கள். எங்களிடம் நாற்பது பிள்ளைகள், ஆண்டுக்கு 160 மாலைகள். தேநீருக்கும் பணிஸுக்கும் மாலைக்கு 60 ரூபாய், ஆக 9,600. கொப்பிகள், கடந்தகால வினாத்தாள்களின் போட்டோகொப்பி 4,200. ஆசிரியர்களின் பஸ் காசில் ஒரு பிள்ளையின் பங்கு 2,400. மின்கட்டணமும் விலையேற்றத்துக்கான ஒதுக்கீடும் 1,800. மொத்தம் 18,000, மாதத்துக்கு 1,500. நாற்பது பேருக்கு 720,000. இந்த எண்ணை யார் எங்கே மறித்துக் கேட்டாலும் பிரித்துக் காட்டலாம்.

விலைகளை அந்த வாரமே கடைக்குப் போய்க் கேட்டு எழுதுங்கள். 2022 மார்ச்சில் கடதாசித் தட்டுப்பாட்டால் மேல் மாகாணப் பாடசாலைகளின் தவணைப் பரீட்சைகளே தள்ளிப்போயின. ஏறத்தாழ 200 ரூபாயாக இருந்த டொலர் மே மாதத்தில் 360ஐத் தாண்டியது. பழைய பட்டியலை நம்பியிருந்தால் போட்டோகொப்பிக் கடை வாசலிலேயே எங்கள் கணக்கு முடிந்திருக்கும்.

அடுத்தது, இந்தத் தொகை உங்களுக்கு எட்டுமா என்பது. அதைச் சொல்வது ஆசையல்ல, பெயர்கள். ஒரு தாளில் இப்படிப் பிரித்தோம்: பத்துப் பிள்ளைகளைப் பொறுப்பேற்க ஒருவர் (180,000), ஐந்து பிள்ளைகளுக்கு இருவர், இரண்டு பிள்ளைகளுக்கு நால்வர், ஒரு பிள்ளைக்கு எட்டுப் பேர். மிச்சம் 72,000, அதற்கு 1,500 ரூபாய் தரும் 48 பேர். ஒருவர் சம்மதிக்க மூவரிடமாவது கேட்க வேண்டியிருக்கும் என்று வைத்துக்கொண்டு, ஒவ்வொரு வரிக்கும் எதிரே மும்மடங்கு பெயர் எழுதப் பார்த்தோம். முதல் வரிக்கு ஒரு பெயர்கூட இல்லை. நல்ல மனம் படைத்த யாராவது வருவார் என்றார் தலைவர். அந்த ‘யாராவது’வைப் பேரேட்டில் எந்தப் பக்கத்தில் எழுதுவது என்று கேட்டேன்.

அந்த வரியை உடைத்து, ஒரு பிள்ளைக்குப் பொறுப்பேற்பவர் பத்துப் பேராக மாற்றினோம். எட்டு பதினெட்டாயிற்று, தேவைப்பட்ட பெயர்கள் 54, கையில் இருந்தவை 31. குழுவிலிருந்த வெள்ளவத்தை அக்கா ஒருவர் மகளின் கல்யாணத்துக்கு யார் யாருக்கு அழைப்பிதழ் கொடுத்தார் என்று எழுதிய கொப்பியைக் கொண்டுவந்தார். ஒரு போயா தினத்தில் பின்னேரம் முழுவதும் உட்கார்ந்து அதிலிருந்து 26 பெயர்களை எடுத்தோம். அதுவும் கிடைத்திராவிட்டால் இலக்கைக் குறைத்திருப்பேன். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

பெயர் சேர்ந்ததும் சுவரொட்டி அடிக்க ஓடாதீர்கள். ஜோன் லிஸ்ற், டேவிட் லக்கிங்-ரைலி என்ற பொருளியலாளர்கள் 2002இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றுக்குக் கணினி வாங்க நன்கொடை கேட்டு அனுப்பிய கடிதங்கள் சிலவற்றில், தேவையான பணத்தில் 10 வீதம் கையில் உண்டு என்றும் சிலவற்றில் 67 வீதம் உண்டு என்றும் எழுதினார்கள். பின்னதற்கு வந்த பணம் ஏறக்குறைய ஆறு மடங்கு. வெறும் உண்டியலில் முதல் நாணயம் போட யாருக்கும் கை வராது. நாங்கள் தெரிந்தவர்களிடம் மட்டும் ஆறு வாரம் நடந்து, 24 பிள்ளைகளுக்கான 432,000 சேர்ந்த பிறகுதான் வெளியே சொன்னோம்.

காலத்தையும் பாருங்கள். ஜனவரியில் எல்லா வீட்டிலும் பாடசாலைச் செலவு. ஆடிவேல் நாட்களில் கை கோயிலுக்கு நீண்டிருக்கும். டிசம்பர் போனஸ் கைக்கு வரும் வாரம் நல்லது.

படிக்கட்டில் ஒரு கரும்பலகை வைத்தோம். அதில் ரூபாயை எழுதவில்லை. ‘இன்னும் 16 பிள்ளைகள்’ என்று எழுதினோம். ஒவ்வொரு மாலையும் ஒரு சிறுவன் அழித்து மாற்றுவான். அது மூன்றுக்கு வந்த அன்று கீழ்த்தளத்துத் தையற்கடைக்காரர் மேலே ஏறி வந்து, “மூன்றையும் நானே எடுக்க வசதியில்லை, அக்கா. ஒரு பிள்ளைக்கு மூன்று மாதம் போடுங்கள்” என்று 4,500 ரூபாயை நீட்டினார். பற்றுச்சீட்டில் ‘ஒரு பிள்ளை, மூன்று மாதம்’ என்றே எழுதிக் கொடுத்தேன்.