சேலத்தில் வெள்ளி வாங்கும் முன்: கொலுசு வேறு, கட்டி வேறு

செவ்வாய்ப்பேட்டை வெள்ளிக் கடைகளில் கொலுசு எடுக்க வருவோரில் பலர், "காலில் போட்ட மாதிரியும் ஆச்சு, காசு சேர்த்த மாதிரியும் ஆச்சு" என்று சொல்வதுண்டு. முதலீட்டுக்காக வெள்ளி வாங்க நினைப்பவர் முதலில் விட வேண்டியது இந்த எண்ணத்தைத்தான்.

கணக்குக்கு எளிதாகச் சுத்த வெள்ளி கிராம் 100 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 200 கிராம் எடையுள்ள 80 டச் கொலுசில், அதாவது நூற்றுக்கு 80 பங்கு மட்டுமே வெள்ளி உள்ள கொலுசில், சுத்த வெள்ளி 160 கிராம்தான். மீதி, செம்பு முதலான கலப்பு. முழு எடைக்கும் சுத்த வெள்ளியின் விலையைப் போட்டு, 10 விழுக்காடு செய்கூலியும் சேர்த்தால் 22,000 ரூபாய். 3 விழுக்காடு ஜி.எஸ்.டி.யுடன் 22,660 ரூபாய். அதையே மறுநாள் உருக்கக் கொடுத்தால் 16,000 ரூபாய்க்கு மேல் தேறாது. போட்ட பணம் திரும்பவே வெள்ளி விலை ஏறத்தாழ 42 விழுக்காடு உயர வேண்டும். எனவே கொலுசு எடுக்கும்போது, டச் எவ்வளவு, எந்த எடைக்கு விலை போடுகிறார்கள், திருப்பிக் கொடுத்தால் எந்த டச்சுக்கு எடுத்துக்கொள்வார்கள் என்ற மூன்றையும் கேட்டுப் பில்லில் எழுதி வாங்குங்கள். ஆசைக்கு எடுப்பதை ஆசைக் கணக்கிலேயே எழுதிவிடுவது நல்லது.

அடுத்து, வெள்ளியைக் குறைந்த விலைத் தங்கமாக எண்ணக் கூடாது. இதுவரை வெட்டியெடுத்த தங்கம் 2 லட்சம் டன்னுக்கும் மேல்; பெரும்பாலும் அழியாமல் எங்கோ ஒரு பெட்டியில் இருக்கிறது. சுரங்கங்கள் ஆண்டுதோறும் சேர்ப்பது அதில் இரண்டு விழுக்காட்டுக்கும் குறைவு என்பதால், தங்கத்தின் விலையை வைத்திருப்பவர்களின் மனமே பெரிதும் தீர்மானிக்கிறது. 2022 முதல் 2024 வரை உலக மத்திய வங்கிகள் ஆண்டுக்கு 1,000 டன்னுக்கு மேல் வாங்கிக் குவித்தது ஒரு சான்று. வெள்ளியோ பெரும்பகுதி ஈயம், துத்தநாகம், செம்பு வெட்டும்போது உடன் கிடைப்பது. ராஜஸ்தானின் துத்தநாகச் சுரங்கங்களிலிருந்து வரும் வெள்ளியும் அப்படித்தான். ஆகவே விலை ஏறியதும் உற்பத்தி கூடிவிடாது, இறங்கியதும் குறைந்துவிடாது. தேவையில் பாதிக்கு மேல் சூரிய மின்தகடு, மின்னணுக் கருவி போன்ற தொழில்களைச் சார்ந்தது. தொழில் படுத்தால் வெள்ளியும் படுக்கும். 2020 மார்ச்சில் ஒரு கிராம் தங்கத்துக்கு ஈடாக 120 கிராமுக்கு மேல் வெள்ளி தர வேண்டியிருந்தது.

1980 ஜனவரியில் ஒரு அவுன்ஸ், அதாவது 31.1 கிராம், 50 டாலரை நெருங்கிய வெள்ளி, மார்ச் இறுதிக்குள் 11 டாலர் அளவுக்குச் சரிந்தது. 2011 ஏப்ரலில் மீண்டும் 50ஐ நெருங்கித் திரும்பியது. அதைத் தெளிவாகத் தாண்டியது 2025 அக்டோபரில்தான். நம் ஊர் விலையில் டாலர் மதிப்பும் இறக்குமதி வரியும் சேர்ந்துகொள்கின்றன. 2024 ஜூலையில் வரி 15 விழுக்காட்டிலிருந்து 6 ஆகக் குறைக்கப்பட்டபோது உள்ளூர் விலை உடனே இறங்கியது.

ஆகையால் மொத்தமாக ஒரே நாளில் வாங்காமல், மாதாமாதம் ஒரு தொகைக்கு வாங்குவதே மேல். தங்கம், வெள்ளி இரண்டுக்கும் ஒதுக்கும் பணத்தில் கால் பங்குக்கு மேல் வெள்ளிக்குப் போக வேண்டாம் என்பது என் கருத்து. கையில் வைத்திருக்க விரும்பினால் 999 முத்திரையுள்ள (ஆயிரத்துக்கு 999 பங்கு சுத்தமான) கட்டியாக, பில்லுடன் வாங்கிக் காற்றுப் புகாத உறையில் வையுங்கள். கறுத்தாலும் மதிப்புப் போகாது, ஆனால் அதே மதிப்புள்ள தங்கத்தைவிடப் பல மடங்கு இடம் பிடிக்கும். அந்தத் தொல்லை வேண்டாதவர்க்கு 2022 முதல் இந்தியச் சந்தையில் உள்ள வெள்ளி இ.டி.எஃப்., அதாவது வெள்ளியை வாங்கி வைத்துப் பங்குபோல யூனிட்டுகளாகச் சந்தையில் கைமாறும் நிதி, ஏற்றது. ஆனால் 2025 அக்டோபரில் கிராக்கி மிகுந்து, அந்த யூனிட்டுகள் அவற்றிலுள்ள வெள்ளியின் மதிப்பைவிடக் கூடுதல் விலைக்குக் கைமாறின. வாங்கும் பொத்தானை அழுத்துமுன் அன்றைய யூனிட்டின் உள்மதிப்பையும் சந்தை விலையையும் ஒப்பிட்டு, இடைவெளி பெரிதாக இருந்தால் சில நாள் பொறுத்து வாங்குங்கள்.