சராசரியைத் தாண்டி தாய்சேய் நல அறிக்கையைப் படிப்பது எப்படி

ஒரு நாட்டின் சுகாதார ஆய்வறிக்கை கையில் கிடைத்தால் நம்மில் பலர் முதல் பக்கச் சுருக்கத்தோடு மூடிவிடுகிறோம். ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளின் இறப்பு குறைந்திருக்கிறது என்று போட்டிருப்பார்கள், நல்லதுதான். ஆனால் யார் வீட்டில் குறைந்தது?

அதற்கு உள்ளே இருக்கும் அட்டவணைகளுக்குப் போக வேண்டும். 1984-இல் தொடங்கி பல வளரும் நாடுகளில் நடந்திருக்கும் டிஎச்எஸ் ஆய்வுகளை, அதாவது வீடு வீடாகப் போய் மக்கள்தொகை, சுகாதாரம் பற்றிக் கேட்கும் சர்வேக்களை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் யாரிடமும் சம்பளம் எவ்வளவு என்று கேட்டு வசதியைக் கணக்கிடுவதில்லை. தரை எதனால் ஆனது, கழிப்பறை உண்டா, சைக்கிள் இருக்கிறதா என்று பார்த்து மதிப்பெண் போட்டு மக்களை ஐந்து சம அடுக்குகளாகப் பிரிக்கிறார்கள். நமக்கு வேண்டியது அந்த ஐந்து வரிசைகள்தான்.

முதலில் பிரசவ நேரத்தில் பயிற்சி பெற்றவர் உடனிருந்தாரா என்ற அட்டவணையைப் பாருங்கள். தாய் இறப்பையே அடுக்குவாரியாகத் தேட வேண்டாம், சர்வேயில் சிக்கும் இறப்புகள் குறைவு, அதை ஐந்தாக உடைத்தால் எண் ஆட்டம் காணும். தடுப்பூசியில் இடைவெளி பொதுவாகக் குறைவாக இருக்கும், ஏனென்றால் அதை நாள் குறித்து ஊருக்கே கொண்டுவந்து போட முடியும். பிரசவ வலி நாள் பார்த்து வராதே. நள்ளிரவில் திறந்திருக்கும் இடம், வண்டி, கையில் காசு எல்லாம் ஒரே நேரத்தில் வேண்டும், அதனால்தான் ஏழை வீட்டுக்கும் பணக்கார வீட்டுக்கும் உள்ள தூரம் இங்கே பளிச்சென்று தெரிகிறது.

அப்புறம் கணக்கு. கழித்தும் பாருங்கள், வகுத்தும் பாருங்கள். உதாரணத்துக்கு, ஆயிரம் பிறப்புக்கு ஏழை அடுக்கில் 100 குழந்தைகளும் பணக்கார அடுக்கில் 40 குழந்தைகளும் இறந்தது, பின்னால் 60, 20 என்று ஆனதாக வைத்துக்கொள்வோம். வித்தியாசம் 60-லிருந்து 40-க்கு இறங்கியது, ஆனால் விகிதமோ 2.5 மடங்கிலிருந்து 3 மடங்காக ஏறிவிட்டது. இரண்டில் தனக்குச் சாதகமானதை மட்டும் சொல்கிறவர்கள் உண்டு, கவனம்.

நடு அடுக்குகளை விட்டுவிடாதீர்கள். நான்கு அடுக்குகள் நன்றாக இருந்து கடைசி மட்டும் விழுந்திருந்தால் அவர்களைத் தேடிப்போகும் திட்டம் தேவை. உச்சி மட்டும் உயர்ந்து மற்ற நான்கும் கீழே கிடந்தால் அப்படிக் குறிவைத்துப் பயனில்லை, மருத்துவ ஏற்பாட்டையே எல்லோருக்கும் விரிக்க வேண்டும்.

சிசேரியனுக்கு மட்டும் வேறு கண்ணாடி போடுங்கள். மொத்தப் பிரசவங்களில் 10 சதவீதத்தைத் தாண்டினால் தாய்சேய் இறப்பு மேலும் குறைவதாகத் தெரியவில்லை என்று உலக சுகாதார நிறுவனம் 2015-இல் சொன்னது. கீழ் அடுக்கில் 2 சதவீதம், மேலே 40 என்று இருந்தால் இரண்டுமே கோளாறுதான்.

இந்த ஆய்வுகளின் சதவீத அட்டவணைகளில் எண்ணைச் சுற்றி அடைப்புக்குறி இருந்தால் அது 25 முதல் 49 பேரை வைத்துச் சொன்னது, நட்சத்திரக் குறி என்றால் 25 பேர்கூடத் தேறவில்லை. அப்படி வந்தால் கீழ் இரண்டு அடுக்குகளை ஒன்றாகச் சேர்த்துப் பாருங்கள். மூலத் தரவைப் பதிவு செய்து கேட்டவர்களுக்கு இலவசமாகவே தந்து வந்தார்கள்.